பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டதும் வைஃபை காணோம்: கார்டு போய்விட்டதா?

9 ஜூன் 2025, மாலை. திருத்துறைப்பூண்டி வாசகரின் கேள்வி

மாமா சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கிய லேப்டாப். கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம். விண்டோஸ் 7 திணறியதால் அதற்குப் பதிலாக இலகுவான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டேன். எல்லாம் நன்றாக ஓடுகிறது, வைஃபை மட்டும் இல்லை. நெட்வொர்க் ஐகானை அழுத்தினால் வைஃபை என்ற வரியே வருவதில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "கார்டு போச்சு, புதுசு மாத்தணும். இல்லேன்னா விண்டோஸே போட்டுக்க, லினக்ஸ்ல பழைய வைஃபை எல்லாம் எடுக்காது" என்றார்கள். தங்கை டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள், பாட வீடியோ பார்க்கத்தான் இதைத் தயார் செய்தேன். உண்மையிலேயே கார்டு போய்விட்டதா அண்ணா?

9 ஜூன், இரவு

புதுக் கார்டு வாங்க வேண்டாம் தம்பி. ஒரு சோதனைகூடச் செய்யாமல் கார்டு போச்சு என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையில் போன கார்டு பெரும்பாலும் கணினியின் கண்ணுக்கே தெரியாது. உங்களுடையது தெரிகிறதா என்று முதலில் பார்ப்போம்.

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை அடித்து, ஓர் இடம் விட்டு, சிறு கோட்டோடு என்என்கே சேர்த்து என்டர் தட்டுங்கள். எல்லாமே சிறிய எழுத்து. நீளமாக ஓடும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று வரும் வரியையும் அதற்குக் கீழே உள்ள இரண்டு மூன்று வரிகளையும் அப்படியே இங்கே போடுங்கள். எனக்கு வேண்டியது சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்தான்: நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு எழுத்து.

லேப்டாப்பின் மாடல் பெயர் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஒரே மாடலில் வேறு வேறு கார்டு வைத்து விற்றார்கள். மாடலை வைத்துத் தேடினால் அடுத்தவர் கார்டுக்கான வைத்தியம்தான் கிடைக்கும்.

10 ஜூன், காலை

எண் வந்துவிட்டது: 14இ4:4315. ப்ராட்காம் பிசிஎம்4312. மகிழ்ச்சி. இது லினக்ஸ்காரர்கள் நன்றாக அறிந்த கார்டு. எண்ணின் முதல் பாதி நிறுவனத்தைக் குறிக்கும், இரண்டாம் பாதி கார்டைக் குறிக்கும்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு, கவனியுங்கள். சில்லின் (சிப்) பெயர் 4312, ஆனால் எண் 4315. 14இ4:4312 என்ற எண்ணும் தனியாக இருக்கிறது, அது பிசிஎம்4311 என்ற வேறு சில்லுக்கு உரியது. அதனால் எப்போதும் எண்ணை வைத்தே தேடுங்கள், பெயரை நம்ப வேண்டாம்.

பட்டியலில் கார்டு வந்திருக்கிறது என்றால் மதர்போர்டும் கார்டும் பேசிக்கொள்கின்றன என்று பொருள். ரேடியோ பகுதி எப்படி இருக்கிறது என்று பிறகு பார்க்கலாம். உங்கள் பட்டியலில், கார்டை இயக்கும் மென்பொருளான ட்ரைவராக, பி43-பிசிஐ-பிரிட்ஜ் என்று வந்திருக்கிறது. அதாவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கார்டை அடையாளம் கண்டு, அதற்கான ட்ரைவரையும் ஏற்றிவிட்டது. பிறகு ஏன் வைஃபை வரவில்லை? அதைக் கெர்னலே எழுதி வைத்திருக்கும். நிர்வாகி உரிமைக்கு முன்னால் சூடோ போட்டு, டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளையை அடித்து, அதில் பி43 என்று வரும் வரிகளை மட்டும் எடுத்துப் போடுங்கள்.

10 ஜூன், மதியம்

நினைத்தபடியே வந்திருக்கிறது. பி43 கோப்புறையில் யுகோட்15 என்ற ஃபெர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்கிறது. அவ்வளவுதான் நோய். கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு வேண்டிய ஒரு கோப்பு டிஸ்கில் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் "லினக்ஸில் எடுக்காது" என்ற பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கார்டுக்குள் ஒரு சின்னச் செயலி இருக்கிறது. மின்சாரம் நின்றதும் அதில் ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ட்ரைவர் அதற்குள் ஒரு சிறு நிரலை ஏற்ற வேண்டும். அதுதான் ஃபெர்ம்வேர். இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கான ஃபெர்ம்வேரை மற்றவர்கள் பிரதியெடுத்து விநியோகிக்க ப்ராட்காம் உரிமம் தரவில்லை. அதனால் டெபியன், உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகள் (டிஸ்ட்ரோக்கள்) அதைத் தங்கள் நிறுவல் டிஸ்கில் வைத்துத் தர முடியாது. மாற்றுவழியாக ஒரு நிறுவி மட்டும் தருகிறார்கள். ஃபெர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் என்று பெயர். அது இணையத்துக்குப் போய் நிறுவனத்தின் பழைய ட்ரைவர் தொகுப்பை இறக்கி, பி43-எஃப்டபிள்யூகட்டர் என்ற கருவியால் ஃபெர்ம்வேர் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, உங்கள் கணினியிலேயே வைக்கும். நாமே நம் கணினியில் வெட்டி எடுப்பதால் அது விநியோகம் ஆகாது.

ஆக, இணையம் வருவதற்கு இணையம் வேண்டும். ஊரில் லேன் வயர் இல்லாத வீட்டில் இந்த இடத்தில்தான் எல்லோரும் கைவிடுகிறார்கள். கடைக்காரர்களும் இங்கேதான் "எடுக்காது" என்று முடித்துவிடுகிறார்கள்.

2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், திறந்த மூலம் அல்லாத ஃபெர்ம்வேர்களையும் அதிகாரபூர்வ நிறுவல் டிஸ்கிலேயே சேர்த்துத் தருகிறார்கள். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி எடுத்த முடிவு. அதைப் படித்துவிட்டு இனி ப்ராட்காம் பிரச்சினையே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். மறுவிநியோக உரிமம் உள்ள கோப்புகளுக்குத்தான் அந்த முடிவு உதவும். பி43 கோப்புகள் அன்றும் உள்ளே வரவில்லை, இன்றும் இல்லை.

10 ஜூன், இரவு

இனி வேலை. உங்களிடம் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது அல்லவா, அது போதும். போனை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகி, போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதை ஒரு லேன் வயராகவே எடுத்துக்கொள்ளும். தனி ட்ரைவர் எதுவும் வேண்டாம், கெர்னலிலேயே இருக்கிறது.

அப்புறம் டெர்மினலில் ஒரு முறை ஏபிடி அப்டேட், அடுத்து ஏபிடி இன்ஸ்டால் ஃபெர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர். இறக்கி, வெட்டி, வைத்துவிடும். பிறகு மோட்ப்ரோப் கட்டளையால் பி43 ட்ரைவரை நினைவகத்திலிருந்து நீக்கிவிட்டு மறுபடி ஏற்றலாம். ரீஸ்டார்ட் செய்தாலும் சரி.

10 ஜூன், பின்னிரவு

டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருக்கிறது, அழுத்த வரவில்லை என்கிறார் தம்பி. கேபிளை மாற்றுங்கள். பெட்டிக்கடையில் தொங்கும் கேபிள்களில் பாதி சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும், டேட்டா போகும் கம்பிகளே உள்ளே இருக்காது. போன் வாங்கும்போது பெட்டிக்குள் வந்த கேபிளைத் தேடி எடுங்கள். சார்ஜ் ஏறுகிறதே என்று பார்த்து ஏமாற வேண்டாம், ஏறத்தான் செய்யும். என்னிடம் வரும் லேப்டாப் கேள்விகளில் கேபிளால் தடைப்பட்டவை கெர்னலால் தடைப்பட்டவற்றைவிட அதிகம்.

உங்கள் பக்கம், முத்துப்பேட்டை போகும் வழியில், வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுதான் வரும் என்று எழுதியிருந்தீர்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுங்கள். இறக்க வேண்டியது சில எம்பிதான்.

12 ஜூன், காலை

கும்பகோணம் நண்பர் ஒருவர், போனே இல்லாமல் பென்டிரைவில் கொண்டுபோக வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு. வேறு கணினியில் எஃப்டபிள்யூகட்டரை நிறுவும் டெப் கோப்பையும், ப்ராட்காம்-டபிள்யூஎல் 5.100.138 தொகுப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். தொகுப்பைப் பிரித்தால் லினக்ஸ் என்ற கோப்புறைக்குள் டபிள்யூஎல்_ஏபிஎஸ்டிஏ என்ற கோப்பு இருக்கும். எஃப்டபிள்யூகட்டருக்கு அதைக் கொடுத்து, வெளியீட்டு இடமாக லிப் கோப்புறைக்குள் உள்ள ஃபெர்ம்வேரைக் காட்டினால் முடிந்தது. நிறுவி செய்வதும் இதையேதான்.

12 ஜூன், மாலை

ஃபெர்ம்வேர் ஏறிவிட்டது, ஐகானில் வைஃபை என்ற வரியும் வந்துவிட்டது, ஆனால் அது மங்கலாக, அணைந்த நிலையிலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ரேடியோ பூட்டியிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளையை அடிக்கச் சொன்னேன். சாஃப்ட் பிளாக் இல்லை, ஹார்ட் பிளாக் ஆம் என்று வந்திருக்கிறது.

இன்று மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். அணை திறந்தாலும் ஊர் மதகு மூடிக் கிடந்தால் வயலுக்குத் தண்ணீர் வராது. சாஃப்ட் பிளாக் என்பது மென்பொருள் மூடியது, ஆர்எஃப்கில் அன்பிளாக் கட்டளையால் இங்கிருந்தே திறக்கலாம். ஹார்ட் பிளாக் கை வைத்துத் திறக்க வேண்டிய மதகு. எந்தக் கட்டளைக்கும் அசையாது.

2009, 2010 வாக்கில் வந்த லேப்டாப்புகளில் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன நகர்த்து சுவிட்ச் இருக்கும். நகம் அளவுதான். பையில் வைத்து எடுக்கும்போதே நகர்ந்துவிடும். சுவிட்ச் இல்லாவிட்டால் மேல் வரிசை எஃப் பட்டன்களில் ஆன்டெனா படம் போட்டது எது என்று பார்த்து, எஃப்என்னோடு சேர்த்து அழுத்துங்கள்.

சுவிட்சை நகர்த்தியும் ஹார்ட் பிளாக் மாறவில்லை என்றால், பத்து இருபது முறை இங்கும் அங்கும் நகர்த்திப் பாருங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றில், அதிலும் கடலோரத்தில், இந்தச் சுவிட்ச்களின் உள்ளே களிம்பு பிடித்துத் தொடர்பு விட்டுப்போகும். நகர்த்த நகர்த்தச் சுரண்டி விடும்.

13 ஜூன்

சுவிட்ச்தான். திறந்துவிட்டது.

14 ஜூன், காலை

இல்லை, இன்னும் முடியவில்லை. ரவுட்டர் இருக்கும் மேசையிலேயே வைத்தால் வருகிறது, கூடத்துக்கு வந்தால் போய்விடுகிறது என்கிறார். பழைய ஓட்டு வீடு, சுவர் இரண்டடி தடிமன் என்று படமும் போட்டிருக்கிறார். தடிச் சுவர் சிக்னலைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதே கூடத்தில் போனுக்கு வைஃபை மூன்று கோடு வருகிறதாம். அப்படியானால் சுவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

முதல் நாள் கேள்வியை மறுபடி படித்தேன். கடையில் பிரித்துப் பார்த்தார்கள் என்று இருக்கிறது. கார்டிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, திரைக்குள் இருக்கும் ஆன்டெனாவுக்குப் போகும். அவற்றின் முனை கார்டின் மேல் சட்டைப் பித்தான் போல அழுத்தி மாட்டுவது. கார்டைக் கழற்றி மாட்டியவர் அதைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தால் இதே அறிகுறிதான் வரும்: பக்கத்தில் இருந்தால் எடுக்கும், நகர்ந்தால் போய்விடும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்மூடியைத் திறந்து பாருங்கள். கார்டில் மெயின், ஆக்ஸ் என்றோ 1, 2 என்றோ அச்சிட்டிருக்கும். மெயின் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். விரல் நுனியால் நேராக மேலிருந்து அழுத்துங்கள், டிக் என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் முனை வளைந்துவிடும், பிறகு சரி செய்வது கடினம்.

14 ஜூன், இரவு

இரண்டு வயரில் ஒன்று காற்றில் தொங்கிக்கொண்டிருந்ததாம். படத்தைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. கார்டு போச்சு என்று சொன்னவர்களே அந்தக் கார்டை அரைகுறையாக மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பையன் புதுக் கார்டு வாங்கியிருந்தால் அதையும் அவர்களே மாட்டியிருப்பார்கள், அதற்கும் இதே கதிதான்.

15 ஜூன்

மூடியைத் திறந்தே ஆகிவிட்டது என்பதால், டெல்டாவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கார்டைத் திருகு கழற்றி மெல்ல உருவி, அதன் விளிம்பில் உள்ள பொன்னிறப் பட்டைகளைப் பாருங்கள். மங்கிப்போய்ப் படலம் படிந்திருந்தால் பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு மாட்டுங்கள். எல்எஸ்பிசிஐயில் கார்டு ஒரு நாள் தெரிந்து மறுநாள் தெரியாமல் போகும் கணினிகளுக்கு இது பல நேரம் போதும்.

2018 நவம்பரில் கஜா அடித்தபின் வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்திலிருந்து நனைந்த லேப்டாப்புகள் கையில் வந்தன. கூரை போன வீட்டில் பீரோவுக்குள் இருந்தவைகூட நனைந்திருந்தன. மின்சாரம் திரும்பிவரவே வாரக்கணக்கில் ஆயிற்று, அதற்குள் உப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. பட்டைகளில் பச்சைப் பூப்பு. சுத்தமான ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, ரப்பர் போட்டு, நன்றாகக் காயவிட்டபின் அவற்றில் சில எழுந்தன. எழாதவற்றிலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்களை மீட்டுத் தர முடிந்தது. அந்த ஆண்டு அது பெரிய காரியம்.

21 ஜூன்

மயிலாடுதுறை நண்பர் பி43 வேண்டாம், ப்ராட்காமின் சொந்த ட்ரைவரான டபிள்யூஎல்தான் வேகம் என்று எழுதியிருக்கிறார். உபுண்டு, மின்ட்டில் அதன் பெயர் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ், டெபியனில் ப்ராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ். வேகத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். சில கணினிகளில் டபிள்யூஎல் இன்னும் நிலையாகவும் நிற்கிறது. சிக்னல் பலவீனமான இடத்தில் நானே அதைப் போட்டுத் தந்திருக்கிறேன்.

என் தயக்கம் வேறு. டபிள்யூஎல்லின் உள்ளே மூடிய பகுதி ஒன்று இருக்கிறது, யாரும் திருத்த முடியாது. நிறுவனம் கடைசியாக வெளியிட்ட 6.30.223.271 பதிப்பு 2015இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கெர்னலுக்கும் ஏற்ப, அந்த மூடிய பகுதியைச் சுற்றியுள்ள மேலுறையை ஒட்டுப்போட்டு ஓட்டுவது டிஸ்ட்ரோக்காரர்கள். கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி அதை மறுபடி தொகுக்கும், அதற்குக் கெர்னல் ஹெடர் கோப்புகள் இருக்க வேண்டும். ஹெடர் இல்லாவிட்டாலோ ஒட்டு பொருந்தாவிட்டாலோ, அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை போயே போகும். பி43க்கு இந்தத் தொல்லை இல்லை. அது கெர்னலின் பகுதி, ஃபெர்ம்வேர் ஒருமுறை உட்கார்ந்தால் கெர்னல் எத்தனை மாறினாலும் அப்படியே இருக்கும்.

21 ஜூன், சற்றுப் பிறகு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. டபிள்யூஎல்லை நிறுவும்போது அது பி43, அதற்குத் துணையான எஸ்எஸ்பி, பிசிஎம்ஏ ஆகியவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடும், இரண்டு ட்ரைவர் ஒரே கார்டுக்குப் போட்டியிடக் கூடாது என்பதால். பிறகு டபிள்யூஎல்லை ரிமூவ் மட்டும் செய்தால் அந்தத் தடைக் கோப்பு மோட்ப்ரோப்.டி கோப்புறையில் தங்கிவிடலாம். பி43 ஃபெர்ம்வேர் இருந்தும் ட்ரைவர் ஏறாது, ஏன் என்றும் புரியாது. அமைப்புக் கோப்புகளோடு முழுதாகப் போக, பர்ஜ் செய்து நீக்குங்கள், அப்படியும் அந்தக் கோப்புறையை ஒரு முறை கண்ணால் பாருங்கள்.

2 ஜூலை

இந்த பி43 எப்படி வந்தது என்று இளையவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சில்லு எப்படி வேலை செய்கிறது என்ற ஆவணம் வெளியே கிடையாது. ஒரு குழு ப்ராட்காமின் மூடிய ட்ரைவர்களைப் பிரித்துப் படித்து, சில்லின் நடத்தையை விவரக் குறிப்பாக எழுதியது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் படித்து, மூல ட்ரைவரைத் தொடாமலேயே புதிதாக எழுதியது. சட்டச் சிக்கல் வராமல் இருக்க இப்படிப் பிரிந்து வேலை செய்தார்கள். 2006இல் 2.6.17 கெர்னலில் பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் என்று நுழைந்தது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24இல் பி43 ஆயிற்று. நம் தம்பியின் 4312 வகைக்கு ஆதரவு வந்தது 2.6.32இல்.

அதற்கு முன் நான் தஞ்சாவூரில் படித்த காலத்தில் இருந்த வழி என்டிஐஎஸ்ராப்பர். விண்டோஸ் ட்ரைவரையே லினக்ஸுக்குள் ஏற்றி ஓட்டுவது. ஓடும்போது ஓடும், உறையும்போது மொத்தக் கணினியும் உறையும். "லினக்ஸில் வைஃபை எடுக்காது" என்று கடைகளில் இன்றும் சொல்வது அந்தக் காலத்து அனுபவம். அன்று அது உண்மை. இன்று அதைச் சொல்லி ஒரு மாணவனைத் திருப்பி அனுப்புவது நியாயமே இல்லை.

லாரி ஃபிங்கர் என்பவர் பல ஆண்டுகள் பி43ஐயும் ரியல்டெக் ட்ரைவர்களையும் கவனித்துவந்தார். பழைய கார்டோடு போராடியவர்களின் கேள்விகளுக்கு அவரே பொறுமையாகப் பதில் எழுதுவார். 2024 ஜூனில் காலமானார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஓட்டு வீட்டில் ஒரு பெண் பாட வீடியோ பார்ப்பதில் அவர் உழைப்பும் இருக்கிறது.

19 ஜூலை

தம்பியிடமிருந்து அடுத்தது. நேற்றுவரை வந்த ரவுட்டர் பெயர், கரண்ட் போய் வந்தபின் பட்டியலிலேயே இல்லையாம்.

இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, உங்கள் கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் எடுக்கும், பழைய பி, ஜி வகை வைஃபை. இரட்டை அலைவரிசை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அதற்கு ஒருநாளும் தெரியாது. 2.4 அணைந்திருக்கிறதா என்று ரவுட்டர் பக்கத்தில் பாருங்கள்.

இரண்டாவது, சேனல், அதாவது அலைவரிசைக்குள் ரவுட்டர் தேர்ந்தெடுக்கும் வழி. ஆட்டோவில் வைத்த ரவுட்டர் ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் புதிய சேனலைத் தேர்ந்தெடுக்கும். இந்தியாவில் 1 முதல் 13 வரை அனுமதி உண்டு. அமெரிக்காவில் புழங்குவது 1 முதல் 11 வரை. அந்த விதிப்படி அமைத்த கார்டும் ட்ரைவரும் 12, 13ஐத் தேடாது. மின்வெட்டு அதிகமுள்ள நம் ஊர்களில் இது அடிக்கடி நடக்கும், ஆனால் யாரும் மின்வெட்டோடு இதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ரவுட்டரில் ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள்.

20 ஜூலை

சேனல் 13இல் இருந்திருக்கிறது. 6க்கு மாற்றியதும் வந்துவிட்டது.

இன்னொன்று. வீடியோ ஓடும்போது இடையிடையே நிற்கிறது என்றும் கேட்டிருந்தார். மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி கோப்புறையில் வைஃபை பவர்சேவ் என்ற கோப்பில் 3 என்று இருக்கும், அதை 2 ஆக்கி நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 3 என்றால் சேமி, 2 என்றால் சேமிக்காதே. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். உங்கள் பேட்டரி எப்படியும் பத்து நிமிடம்தான் தாங்குகிறது என்றீர்கள், அதனால் இழப்பு ஏதுமில்லை.

11 ஆகஸ்ட்

நாகப்பட்டினம் நண்பர் கேட்கிறார்: இவ்வளவு பாடு எதற்கு, ஒரு யுஎஸ்பி டாங்கிள் வாங்கிச் செருகிவிட்டால் போதாதா? சில நேரம் போதும். உள்கார்டு உண்மையிலேயே செத்துவிட்டால் அதுதான் வழி. ஆனால் டாங்கிளிலும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், பெட்டியின் மேலிருக்கும் பெயரை அல்ல. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற ஒரே பெயரில் முதல் பதிப்பில் இருப்பது ஏதெரோஸ் ஏஆர்9271, இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் 8188இயுஎஸ். லினக்ஸைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஏஆர்9271இன் ஃபெர்ம்வேர் திறந்த மூலமாகவே கிடைக்கிறது, டிஸ்ட்ரோக்களிலேயே வருகிறது, செருகினால் வேலை செய்யும்.

உள்கார்டையே மாற்ற நினைப்பவர்களுக்கு: ஏதெரோஸ் ஏஆர்9285 போன்ற, ஏடிஎச்9கே ட்ரைவரில் ஓடும் கார்டுகளுக்கு ஃபெர்ம்வேர் கோப்பே தேவையில்லை. பழைய லேப்டாப்புகளை உடைத்து விற்கும் இடங்களில் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் ஒன்று பாருங்கள். அந்தக் காலத்து லேப்டாப்புகள் சிலவற்றில், துவங்கும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸுக்குள், அனுமதிப் பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத கார்டை மாட்டினால் கணினி துவங்கவே மறுத்துவிடும். அப்படிப்பட்ட லேப்டாப்பில் டாங்கிளே மேல்.

16 ஆகஸ்ட்

டெபியன் 13 சென்ற வாரம் வந்துவிட்டது. பழைய 32 பிட் கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க: இந்தப் பதிப்பில் அவற்றுக்கான நிறுவியும் கெர்னலும் இல்லை. 12ஐயே வைத்துக்கொள்ளுங்கள். கோர் 2 டுவோ 64 பிட்தான், அதனால் தம்பிக்குக் கவலை இல்லை. 2 ஜிபி ரேம் என்பதால் 32 பிட்தான் போட வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், அப்படி இல்லை. ப்ரவுசரில் டேப்களைக் குறைத்து வைத்தால் 64 பிட்டும் ஓடும். இயன்றால் இன்னொரு 2 ஜிபி பழைய ரேம் தேடிப் போடுங்கள், பாட வீடியோவுக்கு அது பெரிய வித்தியாசம்.

14 அக்டோபர்

இன்றோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிகிறது. இந்த வாரம் முழுக்க நீடாமங்கலம், மன்னார்குடி பக்கத்திலிருந்து அழைப்புகள். லினக்ஸ் போட்டுத் தருவீர்களா என்று கேட்கும் எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்: விண்டோஸை அழிக்கும் முன் பென்டிரைவிலிருந்து, நிறுவாமலேயே, லைவ் முறையில் லினக்ஸை ஓட்டி, எல்எஸ்பிசிஐ அடித்துக் கார்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அழித்தபின் தேடுவதைவிட அது எளிது. பத்து நிமிட வேலை.

குறுவை அறுவடை நேரம், கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு மழைக்குப் பயந்து நிற்கிறார்கள். அடுத்து சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு பதிய வேண்டும், அடங்கல் எடுக்க வேண்டும். இந்த வாரம் லேப்டாப் வேலை செய்யாமல் போனால் நட்டம் வேறு மாதிரி. அவசரம் இருப்பவர்கள் இப்போது எதையும் மாற்றாதீர்கள், பதிவு வேலைகளை முடித்துவிட்டு வாருங்கள்.

15 அக்டோபர்

தம்பி எழுதியிருக்கிறார். எதிர்வீட்டு அண்ணனின் லேப்டாப்பையும் இவரே சரி செய்து கொடுத்தாராம். அதுவும் ப்ராட்காம், ஆனால் எண் 14இ4:4727. பி43 ஃபெர்ம்வேர் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை.

அது பிசிஎம்4313. பி43 அதற்கு உரியதல்ல. 2010 செப்டம்பரில் ப்ராட்காமே திறந்த மூலமாக வெளியிட்ட பிஆர்சிஎம்எஸ்மேக் ட்ரைவர்தான் அதற்கு. அதன் ஃபெர்ம்வேரை விநியோகிக்கவும் உரிமம் தந்திருப்பதால் லினக்ஸ்-ஃபெர்ம்வேர் தொகுப்பிலேயே இருக்கிறது. தனியாக இறக்க ஒன்றுமில்லை. அவர் கணினியில் முன்பு யாரோ டபிள்யூஎல் போட்டு எடுத்திருக்கிறார்கள், தடைக் கோப்பு தங்கியிருந்தது. ஜூன் 21 குறிப்பைப் பார்த்துத் தானே கண்டுபிடித்து நீக்கியிருக்கிறார். நான் பதில் எழுதுவதற்குள் வைஃபை வந்துவிட்டது.

16 அக்டோபர்

கடைசியாக ஒன்று, எல்லா பி43காரர்களுக்கும். வேலை செய்யும் நிலையில் லிப் கோப்புறைக்குள் ஃபெர்ம்வேரில் இருக்கும் பி43 கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். மிகச் சிறியது. நாளை டிஸ்க் போய் மறுபடி லினக்ஸ் போட நேர்ந்தால், போனும் கேபிளும் மாடியும் தேவைப்படாது. அதே இடத்தில் திருப்பி வைத்து ரீஸ்டார்ட் செய்தால் வைஃபை வந்துவிடும்.

ப்ளூடூத் பற்றிப் பட்டுக்கோட்டை வாசகர் கேட்டிருப்பதற்குத் தனி இழையில் பதில் எழுதுகிறேன். அதற்கும் முதலில் எண்தான் வேண்டும், எல்எஸ்யுஎஸ்பி அடித்து அனுப்புங்கள்.